மரியன்டாலில் மெதுவாக நடந்தவர்கள்

ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்துக்கு அருகே மரியன்டால் என்றொரு சிற்றூர். ஊர் மொத்தமும் ஒரு துணி ஆலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ஆலை நொடித்து, 1930 தொடக்கத்தில் அடியோடு மூடப்பட்டது. அடுத்த ஆண்டுக் கடைசியில் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு அங்கே வந்து சேர்ந்தது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூவரின் பெயரோடு இன்று அறியப்படும் ஆய்வு அது. யஹோடாவுக்கு அப்போது வயது 24.

அவர்கள் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய் 'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். பெண்களைவிட ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தெருவைக் கடப்பதற்குள் குறைந்தது இரண்டு முறை நின்றார்கள். எங்கும் நிற்காமல் போனவர் பத்தில் ஒருவர்தான். பெண்களுக்கும் சம்பளம் போய்விட்டது. ஆனால் சமைக்க, துவைக்க, கிழிந்ததைத் தைக்க என்று அவர்களுடைய நாள் நிரம்பியிருந்தது. எங்கேயோ போக வேண்டியிருந்ததால் நடந்தார்கள்.

ஊர் நூலகக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். முன்பு புத்தகம் எடுக்கக் கட்டணம் உண்டு, இப்போது இலவசம். நேரமோ கொட்டிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் வெளியே போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு நாள் முழுக்க மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, பல ஆண்களால் நாளின் பெரும்பகுதியை நிரப்ப முடியவில்லை. பிள்ளையை எழுப்பியது நினைவிருக்கிறது, சாப்பிட்டது நினைவிருக்கிறது. நடுவே இருந்த மணிகள் எங்கே போயின என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வேலையிழந்தவர்கள் கொதித்தெழுவார்கள் என்றுதான் அந்தக் காலத்து இடதுசாரிகள் பலர் எதிர்பார்த்தார்கள். மரியன்டாலில் கண்டது அதற்கு நேர்மாறு. மக்கள் சுருங்கிப்போனார்கள். 1933-ல் இந்த ஆய்வு புத்தகமாக வந்தது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும், நீண்ட நாள் வேலையின்மை மனிதனை என்ன செய்கிறது என்று கேட்கும் எவரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

யஹோடா பின்னாளில் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். வேலை நமக்குச் சம்பளத்தைத் தருகிறது, அது வெளிப்படை. அதோடு சொல்லாமலே ஐந்து விஷயங்களையும் தருகிறது: நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், உடம்பையும் மனதையும் அசைத்துக்கொண்டே இருக்கும் கட்டாயம். வேலை போனால் ஐந்தும் ஒன்றாகப் போகின்றன. சேமிப்பில் பணம் இருக்கிறவரும் உடைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. கார்ஸ்டன் பால், கிளாஸ் மோசர் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டார்கள். வேலையில் இருப்பவர்களில் மனநலச் சிக்கல் உள்ளவர்கள் 16 சதவீதம் என்றால், வேலையில்லாதவர்களில் 34 சதவீதம். மனம் பலவீனமானவர்களுக்குத்தான் வேலை போகிறது, அதனால்தான் இந்த எண் என்று ஒருவர் வாதிடலாம். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரே ஆட்களைப் பல மாதங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் வேலை போனதும் மனநிலை சரிவதும், மறுபடி வேலை கிடைத்ததும் தேறுவதும் தெளிவாகத் தெரிந்தன. சரிவுக்கு வேலையின்மையே காரணமாகிறது.

சரிந்த மனதோடுதான் ஒருவர் மறுபடி வேலை தேட வேண்டியிருக்கிறது. சிக்கலே இங்குதான். நம் வீடுகளில் இதற்குக் கைவசம் இருக்கும் விளக்கம் ஒன்றே ஒன்று: சோம்பேறித்தனம். 'மனசு வெச்சா முடியும்டா' என்பார் சித்தப்பா. மூளை ஆய்வாளர்கள் பார்த்தது வேறு.

அமெரிக்காவின் ஜான் சாலமோன் எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் ஒரு கேள்வியைத் துரத்தினார். எலிக்கு முன்னால் இரண்டு வழிகள். நெம்புகோலைப் பலமுறை அழுத்தினால் பிடித்தமான தீனி வரும். அழுத்தாவிட்டால் பக்கத்திலேயே சுமாரான தீனி சும்மா கிடக்கிறது. சாதாரண எலி அழுத்தி வாங்கித் தின்னும். மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் குறைத்துவிட்டால், எலி சும்மா கிடப்பதைத் தின்றுவிட்டுப் போய்விடும். பிடித்த தீனி அதற்குப் பிடிக்காமல் போகவில்லை. வாயருகே கொடுத்தால் ஆசையாகத் தின்கிறது. உழைத்து வாங்கும் கணக்கு மட்டும் மாறிவிட்டது. டோபமைன் என்றாலே இன்பம் என்று சமூக ஊடகங்களில் சொல்கிறார்களே, அது அரைகுறைச் செய்தி. 'இதற்கு இவ்வளவு பாடுபடலாமா' என்று மூளை போடும் கணக்கிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மனிதர்களிடம் இதையே மைக்கேல் டிரெட்வே ஒரு கணினி விளையாட்டாகச் சோதித்தார். எளிய சுற்று: ஆள்காட்டி விரலால் ஏழு வினாடிக்குள் 30 தடவை பொத்தானை அழுத்தினால் ஒரு டாலர். கடினச் சுற்று: பழக்கமில்லாத கையின் சுண்டு விரலால் 21 வினாடிக்குள் 100 தடவை. அதற்கு நான்கு டாலருக்கு மேல்கூடக் கிடைக்கலாம். ஆனால் இரண்டு சுற்றிலுமே பணம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் கடினச் சுற்றைத் தேர்ந்தெடுப்பது குறைவாக இருந்தது. பணம் கூடினாலும், ஜெயிக்கும் வாய்ப்பு கூடினாலும், அந்தத் தகவல் அவர்களுடைய முடிவில் மற்றவர்களுக்கு ஏறிய அளவுக்கு ஏறவில்லை.

வேலை தேடுவதை இந்தக் கண்ணோடு பாருங்கள். உழைப்பு நிச்சயம், பலன் நிச்சயமில்லை, வந்தாலும் பல வாரம் கழித்து வரும். சோர்ந்த மூளை வேண்டாம் என்று தள்ளிவிடும் வகைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பயோடேட்டா கோப்பைத் திறக்க இரண்டு நாளாகக் கை வராத ஒருவரிடம் 'உனக்கு ஆர்வமே இல்லை' என்று சொல்வது, காய்ச்சல் கண்டவரிடம் உடம்பைச் சுடவிடாதே என்று சொல்வது போலத்தான். ஊக்கமூட்டும் காணொளிகள் பெரும்பாலும் பயனில்லை என்பது என் கருத்து. அவை ஆசையைத் தூண்டுகின்றன. இங்கே குறைவு ஆசையில் இல்லை.

அடுத்து, பதில் வராமை. 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலம். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை வாங்கிய நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் பல படுத்தே கிடந்தன. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். எது செய்தும் பயனில்லை என்று உயிர் கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். இன்றும் மேலாண்மை வகுப்புகளில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆனால் அதே இருவர் 2016-ல், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் மேயர் நரம்பியல் படித்து, எலியின் மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்திருந்தார். நீடித்த துன்பம் வந்தால் அசையாமல் கிடப்பது மூளைத்தண்டில் உள்ள ஒரு செரட்டோனின் மையத்தின் இயல்பான பதில். அதை யாரும் கற்கத் தேவையில்லை. கற்க வேண்டியிருப்பது எதிர்ப்புறம் உள்ளதை. 'நான் செய்தேன், அதனால் இது நடந்தது' என்ற அனுபவம் கிடைத்தால், மூளையின் முன்பகுதி அந்த மையத்தை அடக்குகிறது. முன்பே அப்படிப்பட்ட அனுபவம் பெற்ற எலிகள், பிற்பாடு தப்பிக்க வழியே இல்லாத துன்பத்தைச் சந்தித்தபோதும் முடங்கிப்போகவில்லை. எலிக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது. இருந்தாலும் நீண்ட நாள் வேலை தேடும் ஒருவருக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

காரணம், வேலை தேடலில் அந்த 'செய்தேன், நடந்தது' என்பதே கிடைப்பதில்லை. இதில் தேடுகிறவரின் திறமைக்குத் தொடர்பில்லாத காரணமும் ஒன்று உண்டு. கோரி கிராஃப்ட், ஃபேபியன் லாங்கே, மேத்யூ நோட்டோவிடிக்டோ என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவின் 100 நகரங்களில் சுமார் 3,000 விளம்பரங்களுக்குச் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒப்பிடத்தக்கவை. எத்தனை மாதமாக வேலையில்லை என்பதை மட்டும் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட, நேர்காணலுக்கு அழைப்பு வருவது குறைந்தது. முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே சரிவு பெரும்பாலும் நடந்துவிட்டது. அதாவது, இடைவெளியைப் பார்த்தே சில நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. பதில் வராத ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தன்மீது எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர் இந்த முடிவைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆலன் குரூகரும் ஆண்ட்ரியாஸ் மியூல்லரும் 2009 கடைசியில் தொடங்கி, நியூஜெர்சியில் ஆறாயிரம் வேலையற்றவர்களை வாராவாரம் விசாரித்தபோது, வாரங்கள் போகப்போகத் தேடலுக்குச் செலவிடும் நேரம் வேகமாகக் குறைவதைக் கண்டார்கள். வேலை தேடும் பொழுதுகளில் அவர்களுக்கு வருத்தம் கூடுதலாக இருந்ததையும் கண்டார்கள். விலகுவது சோம்பலால் அல்ல. தொட்டால் சுடுகிறது, கை பின்வாங்குகிறது.

சரி, என்ன செய்வது?

மனச்சோர்வுக்கு 'செயலூக்கச் சிகிச்சை' என்று ஒன்று உண்டு. பீட்டர் லெவின்சன் 1970-களில் அடித்தளம் போட்டது. மனநிலை சரியானதும் செயல்படலாம் என்று காத்திருக்காதே, செயல்படு, மனநிலை பின்னால் வரும் என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சித்தப்பா சொன்னதுபோலவே இருக்கிறது. ஆனால் வித்தியாசம் பெரிது: மனசு வைக்கச் சொல்லவில்லை, மனசை விட்டுவிடச் சொல்கிறது. 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழு செய்த சோதனையில், எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் முழு சிகிச்சைக்கு அதன் எளிய செயலூக்கப் பகுதி மட்டுமே ஈடுகொடுத்தது. உளவியல் உலகில் அப்போது அது பெரிய அதிர்ச்சி.

நமக்கு நெருக்கமான சான்று கோவாவிலிருந்து வருகிறது. விக்ரம் பட்டேலின் குழு அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரிடம் இதைச் சோதித்தது. முடிவு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. சிகிச்சை கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. உள்ளூரிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அந்தப் பிரிவில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? முதல் வாரம் ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மணிவாரியாக என்ன செய்தோம், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று எழுதினால் போதும். மரியன்டாலில் கேட்ட அதே நாட்குறிப்புதான், இங்கே மருந்தாகிறது. ஒரு வாரம் எழுதினால் சில விஷயங்கள் தாமே தெரியும். படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்த மணிகளுக்கு இரண்டு, அம்மாவோடு கடைக்குப் போய்வந்த அரைமணிக்கு ஐந்து, பழுதான குழாயைச் சரிசெய்ததற்கு ஆறு. எந்த வேலைக்கு எண் கூடுகிறதோ அதை வாரத்தில் இன்னும் இரண்டு இடத்தில், நேரம் குறித்து வைப்பது அடுத்த படி.

குழாய் சரிசெய்வதற்கும் வேலை கிடைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். மேயரின் எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கைவைத்தால் அன்றே பலன் தெரியும் வேலைகள் 'நான் செய்தேன், நடந்தது' என்ற செய்தியை மூளைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. வேலை தேடுவதைத் தவிர மற்றதெல்லாம் நேர விரயம் என்று நினைத்துச் சமையல், நடை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்கள், தங்களுக்குக் கிடைக்கும் ஒரே சம்பளத்தையும் நிறுத்திக்கொள்கிறார்கள். தேடலுக்கும் அலுவலகம் போலத் திறக்கும் நேரம், பூட்டும் நேரம் இருக்கட்டும். காலையில் இரண்டு மணி நேரம் உருப்படியாகத் தேடியவர் மதியம் குற்ற உணர்ச்சி இல்லாமல் வேறு வேலை பார்க்கலாம்.

அந்த இரண்டு மணியையும் உடைத்துக்கொள்ள வேண்டும். 'நௌக்ரி வேலைத் தளத்தில் புரொஃபைலைப் புதுப்பிக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் அது மலைபோல் நிற்கும். மடிக்கணினியைத் திறப்பது, பழைய பயோடேட்டாவைத் தேடி எடுப்பது, அதில் போன் நம்பரை மட்டும் சரிபார்ப்பது என்று இறங்கினால், முதல் நாளைக்கு இந்த மூன்றே போதும். இதற்குப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் சொல்லும் ஒரு சின்ன உத்தி நன்றாக உதவுகிறது. 'நாளை விண்ணப்பிப்பேன்' என்று முடிவெடுப்பதற்குப் பதில், 'காலை காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்த உடனே மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறப்பேன்' என்று இடத்தோடும் தருணத்தோடும் முடிச்சுப் போடுவது. 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு அலசலில் இந்த முடிச்சு கணிசமான பலன் தந்தது. ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்ற பேரத்துக்கே இது இடம் கொடுப்பதில்லை. சோர்ந்த மூளை தோற்பது அந்தப் பேரத்தில்தான்.

வாரக் கணக்கையும் மாற்றி எழுதலாம். எத்தனை அழைப்பு வந்தது என்பது நம் கையில் இல்லை. எத்தனை அனுப்பினோம், பழைய சகாக்கள் எத்தனை பேரிடம் பேசினோம் என்பது நம் கையில் இருக்கிறது. எண்ண வேண்டியது அதை.

இனி, கோபம். வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களுக்குள் அது நிறைய இருக்கும், நியாயமாகவும் இருக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் ஆட்குறைப்பில் வேலையிழந்த நடுவயதுப் பொறியாளர்களிடம் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சகாக்களும் ஒரு சோதனை செய்து 1994-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், வேலை போனது தங்களை என்ன செய்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். மற்றவர்கள் வேறு எதையோ எழுதினார்கள், அல்லது எழுதவே இல்லை. எட்டு மாதம் கழித்து எழுதியவர்களில் பாதிப்பேர் வேலையில் இருந்தார்கள். மற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. எழுதியவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவும் இல்லை, கூடுதல் நேர்காணலுக்குப் போகவும் இல்லை. உள்ளே இருந்த கசப்பு வெளியேறிவிட்டதால், எதிரே உட்கார்ந்தவரிடம் அது கொட்டவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். அறுபது சொச்சம் பேரிடம் மட்டும் செய்த சிறிய சோதனை என்பதால் பெரிதாக நம்பிவிட வேண்டாம். ஆனால் ஒரு நோட்டும் பேனாவும் தவிர இதற்குச் செலவில்லை.

நேர்காணலில் 'இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள்' என்ற கேள்வி கட்டாயம் வரும். வராது என்று நம்பிப் போவதைவிட, வரும் என்று தயாராகப் போவது மேல். மனச்சோர்வால் இடைவெளி விழுந்திருந்தால், 'சிறிது காலம் உடல்நிலை காரணமாக இடைவெளி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது முழுமையாகத் தயாராக இருக்கிறேன். கடந்த மூன்று மாதத்தில் இந்தப் பயிற்சியை முடித்திருக்கிறேன்' என்று மூன்று வரி போதும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, பொய்யும் வேண்டாம். கண்ணாடி முன்னால் அல்ல, ஒரு நண்பர் முன்னால் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

இந்த 'ஒரு நண்பர்' முக்கியம். 1975-ல் நேதன் அசரின் அமெரிக்காவில் வேலை தேடுவோரைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் விளம்பரம் பகிர்ந்து, போன் பேசப் பக்கத்தில் இருந்து உதவ வைத்தார். தனியாகத் தேடியவர்களைவிட அவர்களுக்கு வேலை வேகமாகக் கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் பிறகு இதை வளர்த்து, நிராகரிப்பு வரும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதையும் சேர்த்தது. அதில் மிகுந்த பயன் பெற்றவர்கள், தொடக்கத்திலேயே மனச்சோர்வுக்கு அதிக ஆபத்தில் இருந்தவர்கள். இப்படிப்பட்ட 47 சோதனைகளைச் சேர்த்து 2014-ல் செய்த அலசல், பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் சாத்தியக் கணக்கு மற்றவர்களைப்போல 2.67 மடங்கு என்கிறது. திறனை மட்டும் கற்றுக்கொடுத்தவை அவ்வளவு எடுபடவில்லை. திறனோடு மனத்தெம்பையும் சேர்த்துக் கொடுத்தவையே எடுபட்டன. நம் மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் போட்டித் தேர்வுப் பயிற்சியையும் நடத்துகின்றன. அங்கே பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து வாரம் ஒருமுறை இதைச் செய்ய ஒரு அறையும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மரியன்டால்காரர்களுக்கு எவ்வளவு ஊக்கம் இருந்திருந்தாலும் அந்த ஆலை திறந்திருக்காது. வேலைகளே இல்லாத இடத்தில் மனதைப் பற்றி மட்டும் பேசுவது ஏமாற்று வேலை. மேலே சொன்னவை எல்லாம், ஒரு வாய்ப்பு வந்து நிற்கும்போது கதவைத் திறக்க எழுந்து வரும் நிலையில் ஆளை வைத்திருப்பதற்கானவை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வேலை என்னாச்சு?' என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்காதீர்கள். அதற்குப் பதில் அவர் கையில் இல்லை. 'இன்னைக்கு என்ன பண்ணினே, வா கொஞ்சம் நடந்துட்டு வரலாம்' என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் எல்லாம் கெட்டிருந்தால் நோட்டும் பேனாவும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.